ஒயிட்ஃபீல்டு ஏரிகள்: வீடு பார்க்க வரும் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

சென்னையிலிருந்து வேலை மாற்றலாகி வரும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: பெங்களூரின் கிழக்குப் புறநகரான ஒயிட்ஃபீல்டு பக்கம் ஏரிகள் நிறைய இருக்கின்றன என்கிறார்கள். ஏரியைப் பார்த்த பால்கனியோடு ஒரு ஃபிளாட் விலைக்கு வருகிறது. வயதான பெற்றோரும் இரண்டு சிறு பிள்ளைகளும் உடன் இருப்பார்கள். அந்த ஊர் எப்படி, வாங்கலாமா?

வாங்கலாம், தம்பி. ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், அந்த ஏரிக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, நிறைந்தால் எந்தப் பக்கம் போகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊரைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். பெயரில் காவேரி இருந்தாலும் எங்கள் ஊரைத் தொட்டு ஓடுவது தென்பெண்ணை. 1997-ல் கட்டுமான வேலை மேற்பார்வைக்காக ஒயிட்ஃபீல்டுக்கு வந்தேன். அப்போது இங்கே தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் முதல் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அதைச் சுற்றி ராகி வயலும் திராட்சைத் தோட்டமும் தைல மரங்களும்தான். மாலையில் வேலை முடிந்து வர்த்தூர் ஏரிக்கரையில் நடந்துவிட்டு அறைக்குத் திரும்புவேன். அங்கே ஒரு முதியவர், ஏரி நிறைந்து தண்ணீர் வழியும் இடத்தைக் காட்டி, ‘இது எங்கே போகிறது தெரியுமா? உங்கள் ஊருக்குத்தான்’ என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு வரைபடத்தை வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே உண்மை என்று தெரிந்தது.

வர்த்தூர் ஏரியில் வழியும் நீர் தட்சிண பினாகினி ஆற்றில் சேர்கிறது. நந்திமலைப் பக்கம் பிறந்து வரும் அந்த ஆறு தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் தென்பெண்ணை என்று பெயர் மாறுகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை, எங்கள் காவேரிப்பட்டணம், சாத்தனூர் அணை, திருக்கோவிலூர், கடைசியில் கடலூர். ஒயிட்ஃபீல்டில் குழாயைத் திறந்து பாத்திரம் துலக்கும் தண்ணீர் எந்தப் பாதையில் போய்ச் சேருகிறது என்பதை அன்றிலிருந்து நான் மறந்ததில்லை.

இனி ஊரைப் பற்றி. பெங்களூருக்கு வற்றாத ஆறு என்று ஒன்றில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முகட்டின் மேல் நகரம் உட்கார்ந்திருக்கிறது. பெய்த மழை முகட்டின் மேற்குப் பக்கம் சாய்ந்தால் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியில் சேரும். கிழக்குப் பக்கம் சாய்ந்தால் தட்சிண பினாகினிக்குப் போகும். இரண்டு பக்கமும் ஓடிப்போகிற தண்ணீரைத்தான் ஊர் ஊராகக் கரை போட்டு நிறுத்தினார்கள். ஒயிட்ஃபீல்டு, மகாதேவபுரா, வர்த்தூர், கிருஷ்ணராஜபுரம் ஆகியவை இந்தக் கிழக்குச் சரிவில் இருக்கின்றன. சரிவில் உள்ள ஊருக்குத்தான் ஏரி அதிகம் வாய்க்கும்.

இந்த ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேலே உள்ள ஊரின் ஏரி நிறைந்தால் அதன் மிச்சம் கால்வாய் வழியே கீழே உள்ள ஊரின் ஏரிக்கு வரும். அது நிறைந்தால் அதற்கும் கீழே. நகரத்துக்குள் இருக்கும் அல்சூர் ஏரியின் மிகுதி செல்லகட்டா பள்ளத்தாக்கு வழியே பெல்லந்தூருக்கு வருகிறது. மடிவாளா ஏரியின் மிகுதி அகரா ஏரி வழியாக அதே பெல்லந்தூருக்கு. சர்ஜாபூர் சாலைப் பக்கத்திலிருந்து கைகொண்டரஹள்ளி, சவுல் கெரெ வழியாக வருவதும் அங்கேதான். ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் நிறைந்தால் வர்த்தூர். வர்த்தூரே 440 ஏக்கருக்கு மேல். குந்தலஹள்ளி, நல்லூரஹள்ளி பக்கத்து ஏரிகளும் தெற்கே சரிந்து வர்த்தூரை நோக்கித்தான் போகின்றன. வடக்கே ஹெப்பால், நாகவாரா என்று ஒரு தனிச் சரம் வந்து கிருஷ்ணராஜபுரத்தை ஒட்டிய எலெ மல்லப்ப ஷெட்டி ஏரியில் சேர்கிறது. கன்னடத்தில் எலெ என்றால் இலை. மல்லப்ப ஷெட்டி வெற்றிலை வியாபாரி. சம்பாதித்த பணத்தைக் கொடுத்து ஏரி வெட்ட வைத்த அந்த மனிதரின் பெயர் இன்றும் அந்த ஏரிக்கு நிலைத்திருக்கிறது.

ஒரு சொல் விஷயம் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. நாம் ஏரி என்பதைக் கன்னடத்தில் கெரெ என்கிறார்கள். அவர்களிடமும் ஏரி என்ற சொல் உண்டு. ஆனால் அதற்குப் பொருள் கரை, அதாவது மேடாகப் போட்ட அணைப்பு. ஆக, நாம் ஏரிக்கரை என்று சொல்வதை அவர்கள் கெரெ ஏரி என்கிறார்கள். இங்கே வந்த புதிதில் ஒரு விவசாயி ‘ஏரி மேல நடி’ என்றபோது தண்ணீர் மேல் எப்படி நடப்பது என்று நான் விழித்தேன். மற்றச் சொற்கள் அவ்வளவு தூரம் விலகவில்லை. ஏரியிலிருந்து வயலுக்கு நீரைத் திறந்துவிடும் மடையான நம் தூம்பு அவர்களுக்குத் தூபு. மிகுநீர் வழியும் இடத்துக்கு அவர்கள் கோடி என்கிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நாங்களும் ஏரி கோடி போகிறது என்றுதான் சொல்வோம், கலிங்கு என்று சொல்லமாட்டோம். ஏரிக்கு ஏரி தண்ணீர் கொண்டுபோகும் பெரிய வாய்க்காலுக்கு ராஜகாலுவெ என்று பெயர். இந்தச் சொல்லை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு வாங்கும் இடத்தில் திரும்பவும் வரும்.

சொற்கள் இவ்வளவு நெருங்கி இருப்பது தற்செயல் அல்ல. ஒயிட்ஃபீல்டு மெட்ரோ பாதையில் பட்டந்தூர் அக்ரஹாரா என்று ஒரு நிலையம் இருக்கிறது. அந்தப் பட்டந்தூரில் ஏரி அமைத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று காடுகோடியில் கிடைத்திருக்கிறது. காலம் 1043, ராஜேந்திர சோழனின் ஆட்சியின் கடைசி ஆண்டுகள். ராஜராஜ வேளான் என்ற பட்டம் பெற்ற ஒரு தலைவர் ஏரி வெட்டி, தூம்பு வைத்து, பிள்ளையார், துர்க்கை, க்ஷேத்திரபாலர் ஆகிய தெய்வங்களையும் எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. கரையும் தூம்பும் காவல் தெய்வமும் ஒரே கல்லில் எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஏரி என்றால் அன்றைக்கு அந்த மூன்றும் சேர்ந்ததுதான். அலுவலகம் செல்ல மெட்ரோவில் அந்த நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் நம் எழுத்தில் ஒருவர் தண்ணீர்க் கணக்கை எழுதி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். இது இந்த ஊர் நம்முடையது என்று உரிமை கொண்டாட அல்ல. இதே மண்ணில் கன்னடக் கல்வெட்டுகளும் ஏராளமாக உண்டு. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே ஏரியில் நீர் பாய்ச்சியிருக்கிறார்கள்.

ஒயிட்ஃபீல்டு என்ற பெயர் மிகவும் பிந்தியது. 1882-ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், ஆங்கிலோ இந்தியர்கள் குடியேறி விவசாயம் செய்து வாழ 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். அதற்காகப் பாடுபட்ட சங்கத்தை நிறுவிய டேவிட் இம்மானுவேல் ஸ்டார்கன்பர்க் ஒயிட் என்பவரின் பெயரே ஊருக்கு ஆனது. நடுவே ஒரு வட்டத் திடல், அதைச் சுற்றி வீடுகள் என்று திட்டமிட்டார்கள். இன்னர் சர்க்கிள், அவுட்டர் சர்க்கிள் என்ற தெருப் பெயர்களும் ஓட்டு வீடுகள் சிலவும் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே நடந்து பாருங்கள். அந்த நேரத்தில் மட்டும் பழைய ஒயிட்ஃபீல்டு கண்ணுக்குத் தெரியும்.

ரயில் அதற்கும் முன்பே வந்துவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் வரையிலான பாதை 1864-ல் திறக்கப்பட்டது. அது இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அந்தப் பாதைதான் இங்குள்ள தமிழ் வாழ்க்கைக்கும் முதுகெலும்பு. கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்ட பிறகு, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் புறப்பட்டு ஒயிட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் இறங்கி வேலைக்குப் போகிறார்கள். காவலாளி முதல் கணினிப் பொறியாளர் வரை அந்த ரயிலில் இருப்பார்கள். காடுகோடி சந்தைப் பக்கம் நீங்கள் தமிழில் பேசினால் தமிழில் பதில் கிடைக்கும். இருந்தாலும் வந்த மறுநாளே கன்னடம் கற்கத் தொடங்குங்கள். ஏரிக்கரையில் பழைய கதைகளைச் சொல்லக்கூடிய முதியவர்கள் எல்லாரும் கன்னடத்திலும் தெலுங்கிலும்தான் சொல்வார்கள்.

ஏரி எப்படிக் கெட்டது என்பதை இனிச் சொல்கிறேன். இதில் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும்.

ஏரிக்கு வேலை இருந்தவரை ஏரி நன்றாக இருந்தது. தூம்பைத் திறந்து வயலுக்கு நீர் விட நீர்கண்டி என்று ஓர் ஆள் இருந்தார், நம் பக்கத்து நீர்பாய்ச்சியைப் போல. அவருக்கு ஊர் தானியம் அளந்தது. கோடையில் வண்டலை அள்ளி வயலில் போட்டார்கள். அதனால் ஏரி ஆழமாகவே இருந்தது. ஏரி கோடி விழுந்தால் ஊரே திரண்டு போய்க் கங்கையம்மனுக்குப் பூசை செய்து, முறத்தில் மஞ்சளும் வளையலும் வைத்துப் பாகினம் என்னும் காணிக்கையை ஏரியில் விட்டது. குழாயில் காவிரி வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது, வயல் மனையாகிப் போனது. அதன் பிறகு நீர்கண்டிக்கு வேலை இல்லை. திறக்க ஆள் இல்லாத தூம்பு துருப்பிடித்து அடைத்துக்கொண்டது. வண்டல் அள்ள ஆள் இல்லாததால் ஏரி தூர்ந்தது. ஆனால் தண்ணீர் வருவது மட்டும் நிற்கவில்லை. மழைநீர் வந்துகொண்டிருந்த ராஜகாலுவெயில் வீடுகளின் கழிவுநீர் வரத் தொடங்கியது. மழை ஆண்டுக்குச் சில மாதங்கள்தான். கழிவுநீர் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வரும்.

அதனால்தான் கோடையிலும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வற்றாமல் இருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நீர்வளம் என்று மகிழ்ந்தார்கள். சலவைத் தூளிலும் சோப்பிலும் உள்ள நுரைக்கும் பொருள்கள் அந்தக் கழிவுநீரோடு வந்து அடிவண்டலில் படிந்தன. பெருமழையில் வெள்ளம் அந்த வண்டலைக் கலக்கி, கோடியில் உயரத்திலிருந்து விழும்போது காற்று கலந்து, வெண்ணுரை மலைபோல எழுந்தது. காற்றடித்தால் சாலையில் பறந்து வந்து இருசக்கர வண்டிக்காரர்களின் முகத்தில் அப்பியது. கோடி ஓரத்தில் வலைத் தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. பிள்ளைகள் பஞ்சு மிட்டாய் என்று கைநீட்டி ஓடியதை நானே பார்த்து இழுத்துப் பிடித்திருக்கிறேன். தொட்டால் அரிக்கும் நுரை அது.

2015-ல் பெல்லந்தூர் நுரையில் தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் மறுபடியும் தீ. 2018 ஜனவரியில் பிடித்த தீயை அணைக்க ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்க வேண்டியிருந்தது. தண்ணீரில் எப்படித் தீ என்று அப்போது தமிழ்நாட்டிலிருந்து எல்லாரும் தொலைபேசியில் கேட்டார்கள். மூச்சுவிட ஆக்சிஜன் இல்லாத அடிவண்டலில் கழிவு அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. மேலே காய்ந்த ஆகாயத்தாமரையும் புல்லும் கொட்டிய குப்பையும் எண்ணெய்ப் படலமும் இருந்தால் ஒரு பொறி போதும். அதே ஆண்டுகளில் கெலவரப்பள்ளி அணையிலும் நுரை பொங்கியது. ஓசூர் விவசாயிகள் அந்த நீரைப் பாசனத்துக்கு எடுத்தார்கள். என் அண்ணன் ஊரிலிருந்து அழைத்து, ‘உங்கள் ஊர் அழுக்கு எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டது’ என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது என்னையும் சேர்த்துத்தான்.

பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளின் கீழ் பெங்களூரு வளர்ச்சி ஆணையம் இரண்டு ஏரிகளையும் வடித்து, வண்டல் எடுக்கும் பணியைத் தொடங்கியது. இன்னொரு பக்கம், பெல்லந்தூர்ப் பகுதியில் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் வழியே ஏற்றி, மழை பொய்த்த கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பும் திட்டம் 2018-ல் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டர் என்பது அதன் திட்டமிட்ட அளவு. கோலாரில் வறண்டு கிடந்த ஏரிகளில் தண்ணீர் நின்றது, கிணறுகளில் நீர் ஏறியது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நிறுத்தாமல் மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்க வேண்டும் என்று அங்குள்ள விவசாயிகள் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது. நாம் கழுவி விட்ட நீரைத்தான் அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

2022 செப்டம்பர் 4-ம் தேதி இரவு பெய்த மழையை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான கணக்கில் 130 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. ஏரிகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. வெளிவட்டச் சாலை, பெல்லந்தூர், வர்த்தூர், சர்ஜாபூர் சாலை எங்கும் வெள்ளம். பல கோடி ரூபாய் மதிப்புள்ள வீடுகளிலிருந்து மக்களை டிராக்டரிலும் ரப்பர் படகிலும் ஏற்றி வந்தார்கள். எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நின்ற கார்கள் கூரை வரை மூழ்கின. அதைக் கட்டியவர் விற்கும்போது காட்டிய வரைபடத்தில் பக்கத்துச் சுவரை ஒட்டி ஓர் ஓடை இருந்ததே தெரியாது. கட்டட வேலையே என் தொழிலாக இருந்தும் அதை நான் கேட்கத் தவறினேன். தண்ணீர் தன் பழைய வழியை மறக்கவில்லை.

சரியாக ஒன்றரை ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், அதே பகுதியில் தண்ணீர் இல்லை. ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. டேங்கர் லாரிக்கு அரசு விலை நிர்ணயிக்க வேண்டிய நிலை வந்தது. படகில் ஏறிய அதே குடும்பங்கள் பக்கெட்டோடு நின்றன. வெள்ளமும் வறட்சியும் இரண்டு வெவ்வேறு துன்பங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணில் இறங்க வேண்டிய மழை காங்கிரீட்டின் மேல் ஓடிப் போனால் அன்றைக்கு வெள்ளம். இறங்காமல் போனதால் கோடையில் கிணறு காலி. நடுவில் நின்று இரண்டையும் சமன்படுத்திக்கொண்டிருந்தது ஏரி.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது. நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர். 2007-ல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கு இந்த நீர். மகாதேவபுராப் பகுதியில் அத்தகைய கிராமங்கள் பல. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தாழ்ந்த இடத்திலிருந்து மேட்டுக்கு, மின்சாரத்தால் ஏற்றி வருகிற நீர் அது. நீங்கள் பார்க்கும் அடுக்ககத்துக்கு இணைப்பு வந்துவிட்டதா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று அங்கே குடியிருப்பவரிடமே கேளுங்கள். விற்பனையாளரிடம் கேட்டுப் பயனில்லை. 2025-ல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டபோது மகாதேவபுராவும் கிருஷ்ணராஜபுரமும் சேர்ந்து பெங்களூரு கிழக்கு மாநகராட்சி ஆகிவிட்டன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சொத்து வரியும், காத்தா என்று இங்கே சொல்லும் மாநகராட்சியின் சொத்துப் பதிவும் அங்கேதான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் ஏரி என்றாலே பயந்துவிட வேண்டாம். சர்ஜாபூர் சாலையில் கைகொண்டரஹள்ளி ஏரிக்கு ஒருநாள் காலை ஆறரை மணிக்குப் போங்கள். ஏறத்தாழ 48 ஏக்கர். 2009 வாக்கில் அது சாக்கடையாகிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த மக்களும் மாநகராட்சியும் சேர்ந்து வண்டலை எடுத்து, கழிவுநீரைத் திருப்பிவிட்டு, கரையைப் பலப்படுத்தினார்கள். அதில் எனக்குப் பிடித்தது அவர்கள் வேலி போட்டு ஊர்க்காரர்களை வெளியே தள்ளிவிடவில்லை என்பதுதான். மாட்டுக்காரர்கள் தீவனப் புல் அறுத்துக்கொள்ள இடம் உண்டு, மீன் பிடிப்பவர்களுக்கும் உண்டு. கூழைக்கடாக்கள் கப்பல்போல மிதந்து வரும். நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி, நீர்க்காகம் எல்லாம் இருக்கும். உங்கள் தந்தை கிராமத்தில் வளர்ந்தவர் என்றால் அவரே உங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டுவார். எந்தப் பூங்காவிலும் கிடைக்காத காலை அது.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் ஒயிட்ஃபீல்டிலிருந்து கிருஷ்ணராஜபுரம் வரையும், அக்டோபரில் நகரத்தோடு முழுமையாகவும் மெட்ரோ இணைந்துவிட்டது. சென்னை ரயிலில் வந்தால் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி மெட்ரோ பிடிப்பது எளிது. சாலையில் காரில் போக நினைத்தால் காலையிலும் மாலையிலும் பொறுமை வேண்டும். மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு பாருங்கள். மருத்துவத்துக்குத் தனியார் மருத்துவமனைகள் நிறைய. 2001-ல் தொடங்கிய சத்ய சாய் மருத்துவமனையில் இதய, நரம்பியல் சிகிச்சைகள் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. பெற்றோர் உடன் வருவதால் இதைச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வருவோம். விளம்பரப் படத்தில் ஏரி நீலமாக இருக்கும். நீங்கள் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, அந்த இடத்தின் சர்வே எண்ணை வாங்கி, கிராம நக்ஷையில், அதாவது கிராம நில வரைபடத்தில், பொருத்திப் பாருங்கள். கர்நாடக அரசின் திஷாங்க் என்ற செயலியில், நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணும் அது ஏரியா, ராஜகாலுவெயா என்ற வகையும் தெரியும். பஹணி என்று இங்கே சொல்லும் நிலப் பதிவேட்டில் ‘கெரெ அங்கள’ என்றோ ‘பி கராப்’ என்றோ இருந்தால் மேற்கொண்டு பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். கெரெ அங்கள என்றால் ஏரியின் உட்பகுதி. பி கராப் என்றால் பொதுப் பயனுக்கு ஒதுக்கிய நிலம். சில பழைய ஏரிகள் தரையில் தெரியாது, தாளில் மட்டும் இருக்கும். மழை வரும்போது தரையிலும் தெரியும்.

இரண்டாவது, இடைவெளி. 2015 பெருந்திட்டப்படி ஏரியைச் சுற்றி 30 மீட்டர், ராஜகாலுவெயின் அளவைப் பொறுத்து நடுக்கோட்டிலிருந்து 50, 25, 15 மீட்டர் விட வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் ஏரிக்கு 75 மீட்டர் என்று கூட்டியது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிப் பழைய அளவையே நிலைநிறுத்தியது. அதற்குப் பிறகும் இந்த அளவுகளைத் திருத்தும் பேச்சு நிற்கவில்லை. அதனால் உங்கள் கட்டடத்துக்கு அனுமதி கிடைத்த நாளில் எந்த அளவு நடைமுறையில் இருந்தது என்பதை ஒரு வழக்கறிஞரை வைத்துப் பார்த்துவிடுங்கள். சட்டத்தில் 30 மீட்டர் போதும் என்றிருந்தாலும், தாழ்ந்த பக்கத்தில் இருக்கும் வீட்டை நான் வாங்கமாட்டேன்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், அதற்குக் காசும் ஆகாது. ஏரிக்கரையின் மேல் ஏறி கோடி எங்கே என்று தேடுங்கள். கோடியிலிருந்து புறப்படும் கால்வாயோடு ஒரு கிலோமீட்டர் நடங்கள். நீங்கள் வாங்கப்போகும் கட்டடம் அந்தக் கால்வாயின் வழியில் நிற்கிறதா, அல்லது மேட்டில் நிற்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். பிறகு மேல்பக்கம் போய், ஏரிக்குள் வரும் கால்வாயில் மூக்கை வைத்துப் பாருங்கள். மழையில்லாத நாளிலும் அதில் கறுப்பு நீர் ஓடினால், உங்கள் பால்கனிக் கதவு ஆண்டு முழுவதும் மூடியே இருக்கும், கொசுவலையும் வேண்டும். தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு தேநீர் குடித்துக்கொண்டே, 2022 செப்டம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கைவைத்து உயரத்தைக் காட்டுவார்கள். அடுக்ககத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் நேரில் பாருங்கள்: அது ஓடுகிறதா, சுத்திகரித்த நீர் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் திரும்பப் போகிறதா, அல்லது இரவில் ராஜகாலுவெயில் திறந்துவிடப்படுகிறதா என்று.

நீங்கள் அனுப்பிய கட்டடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த ஏரியை எனக்குத் தெரியும். அதன் கோடி தென்கிழக்கு மூலையில், முனீஸ்வரன் கோயிலுக்குப் பின்னால் புதர் மண்டி இருக்கிறது, தேடினால்தான் கிடைக்கும். ஜூன் மாதத்தில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் வாருங்கள், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு. நான் ரப்பர் செருப்போடு கோயில் வாசலில் நிற்கிறேன்.